அரிசி 16 மடங்கு, மனை 400 மடங்கு: எந்தக் கணக்கை நம்பி வீடு வாங்குவது?

கேள்வி: எனக்கு வயது 36. குரோம்பேட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறேன். 1986ல் இதே பகுதியில் ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) மனை 48,000 ரூபாய்க்கு அப்பாவிடம் வந்ததாம். அப்போது அவர் சம்பளம் 1,200 ரூபாய். வாங்காமல் விட்டுவிட்டார். அந்த மனை இன்று சதுர அடி 8,000 வீதம் 1 கோடியே 92 லட்சம் போகும் என்கிறார்கள். அன்று பொன்னி அரிசி கிலோ 4 ரூபாய், இன்று 64. "அரிசி 16 மடங்கு ஏறியது, மனை 400 மடங்கு ஏறியது. மனை மாதிரி அரிசி ஏறியிருந்தால் இன்று கிலோ 1,600 ரூபாய்" என்று வாட்ஸ்அப்பில் வந்ததை அப்பா அடிக்கடி காட்டுகிறார். "நான் பண்ண தப்பை நீ பண்ணாதே" என்கிறார். என் கைக்கு வரும் சம்பளம் 95,000. வாடகை 20,000. சேமிப்பு 12 லட்சம், பி.எஃப்.பில் 9 லட்சம். மனைவி வேலைக்குப் போகவில்லை. மகள் இரண்டாம் வகுப்பு. பக்கத்துத் தெருவில் கட்டி முடித்த 900 சதுர அடி ஃபிளாட் 72 லட்சம் சொல்கிறார்கள். பி.எஃப். பணத்தையும் எடுத்து வாங்கிவிடலாமா?

பதில்:

முதலில் உங்கள் அப்பாவுக்காக ஒரு வார்த்தை. அவர் செய்தது தப்பு என்று நான் நினைக்கவில்லை. 48,000 ரூபாய் அன்று அவருடைய 40 மாதச் சம்பளம். அதை யார் கொடுத்திருப்பார்கள்? வீட்டுக் கடனுக்கென்றே தொடங்கிய எச்.டி.எஃப்.சி. நிறுவனத்துக்கு அப்போது வயது ஒன்பதுதான். தேசிய வீட்டுவசதி வங்கியே 1988ல்தான் வந்தது. சாதாரணச் சம்பளக்காரர் காலி மனை வாங்க வங்கிக்குப் போய் நிற்கும் காலம் அது இல்லை. கூட்டுறவுச் சங்கம், பி.எஃப். முன்பணம், சீட்டு, மனைவியின் நகை, மிஞ்சினால் வட்டிக்கடை. குடும்பத்தை வைத்துக்கொண்டு அந்த வழியில் இறங்காதவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நாற்பது வருஷமாக அவர் இதைச் சுமந்துகொண்டிருக்கிறார் என்பது உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அந்த வருத்தத்தை ஆற்றுவதற்காக நீங்கள் 57 லட்சம் கடன் வாங்கக் கூடாது. அதற்காகத்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அரிசிக் கணக்கில் கூட்டல் கழித்தல் தப்பில்லை. இதே மாதிரி ஒரு கணக்கை பிரிட்டனில் ஷெல்டர் என்ற அமைப்பு 2013ல் வெளியிட்டது. 1971க்குப் பிறகு வீட்டு விலை ஏறிய வேகத்தில் உணவு விலையும் ஏறியிருந்தால் அங்கே ஒரு கோழி 51 பவுண்டு விற்கும் என்றார்கள். ஆனால் அவர்கள் அதைச் சொன்னது, இளம் தலைமுறைக்கு வீடு எட்டாமல் போகிறது என்று அரசாங்கத்துக்கு உறைக்க வைப்பதற்காக. நம் ஊரில் அதே மாதிரிக் கணக்கு "உடனே வாங்கு" என்று சொல்லச் சுற்றுகிறது. எட்டாத உயரத்துக்கு ஒரு விலை போய்விட்டது என்பது எப்படி அதை இன்று வாங்குவதற்குக் காரணமாகும்? இதை அப்பாவிடம் நிதானமாகக் கேட்டுப் பாருங்கள்.

அரிசி ஏன் 400 மடங்கு ஏறவில்லை? ஒரு ஏக்கரில் விளைவது கூடியிருக்கிறது. மேம்படுத்தப்பட்ட வெள்ளைப் பொன்னியைத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்டதே உங்கள் அப்பா சொல்லும் அதே 1986ல்தான். விதை, உரம், அறுவடை இயந்திரம், ஆலை, லாரி எல்லாம் சேர்ந்து விலையை அடக்கி வைத்தன. அரசின் கையும் உண்டு. ரேஷன் அரிசி தமிழ்நாட்டில் 2006ல் கிலோ 2 ரூபாய், 2008ல் 1 ரூபாய், 2011லிருந்து இலவசம். ரேஷன் அரிசியை அளவுகோலாக வைத்தால் மனை எத்தனை மடங்கு என்று சொல்லவே முடியாது! டி.வி.யை எடுத்தாலும் அதே கதைதான். அன்றைக்குக் கலர் டி.வி. பல மாதச் சம்பளம், இன்று சில நாள் சம்பளம். உற்பத்தி செய்யக்கூடிய பொருள் காலப்போக்கில் உழைப்போடு ஒப்பிட்டால் மலிவாகும். குரோம்பேட்டை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் நிலத்தை யாரும் உற்பத்தி செய்ய முடியாது. அதனால் அரிசியையும் மனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒன்று பெருகக்கூடியது, இன்னொன்று பெருகாதது என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. நீங்கள் வாங்கலாமா கூடாதா என்பதற்கு அதில் பதில் இல்லை.

அன்றாடச் செலவும் அரிசி மட்டுமல்ல. நகர்ப்புறக் குடும்பங்கள் 1987-88ல் தங்கள் செலவில் 56 சதவீதத்தை உணவுக்குக் கொடுத்தன என்று அரசின் கணக்கெடுப்பு சொல்கிறது. 2023-24ல் அது 40 சதவீதத்துக்கும் சற்றுக் கீழே. அந்த இடத்தை ஸ்கூல் ஃபீஸ், ஆஸ்பத்திரி, பெட்ரோல், போன், வாடகை பிடித்துக்கொண்டன. உங்கள் மகளின் கல்விச் செலவு அடுத்த பத்து வருஷம் எப்படி ஏறும் என்பது உங்களுக்கு அரிசி விலையைவிட முக்கியமான விஷயம்.

சரி, மனை விலையை எதோடுதான் வைத்துப் பார்ப்பது? சம்பளத்தோடும் வாடகையோடும்.

உங்கள் சம்பளத்தையும் அப்பா சம்பளத்தையும் நேராக ஒப்பிட முடியாது, வேலைகள் வேறு. அதனால் மாறாத ஒரு வேலையை எடுத்துக்கொள்கிறேன்: மத்திய அரசின் கடைநிலை ஊழியர். நான்காவது ஊதியக் குழு 1986 ஜனவரியிலிருந்து அவருக்கு வைத்த குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 750 ரூபாய். ஏழாவது ஊதியக் குழுவில் அது 18,000. 2025 தொடக்கத்தில் இருந்த 55 சதவீத அகவிலைப்படியையும் சேர்த்தால் 27,900. அதாவது 37 மடங்கு.

இப்போது நீங்கள் சொன்ன விலைகளைப் பொருத்திப் பாருங்கள். 1986ல் அவருடைய ஒரு மாதச் சம்பளத்துக்கு 187 கிலோ பொன்னி கிடைத்தது. இன்று 436 கிலோ. அரிசி ஏறவில்லை, உழைப்போடு பார்த்தால் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. மனையோ அன்று அவருக்கு 64 மாதச் சம்பளம், இன்று 688 மாதம். ஒரு பைசா செலவழிக்காமல் 57 வருஷம் சேர்க்க வேண்டும். இந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒரு மனிதன் முழு வாழ்நாள் உழைத்தாலும் தான் வேலை பார்க்கும் ஊரில் ஒரு கிரவுண்டு வாங்க முடியாது என்றால் அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?

ஆனால் உங்கள் முடிவுக்கு உதவுவது இதற்கு அடுத்த கேள்விதான். 64 மாதம் எப்படி 688 மாதம் ஆனது? அது திரும்பவும் நடக்குமா?

நடந்தவற்றைச் சொல்கிறேன். அன்று குரோம்பேட்டை என்பது ஊர் எல்லை. மின்சார ரயில் உண்டு, எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரி உண்டு, மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம் அப்போதுதான் தாம்பரத்தில் தொடங்கியிருந்தது. மற்றபடி கிணற்றுத் தண்ணீரும் மண் ரோடும். அதற்குப் பிறகு நகரம் அதைத் தாண்டி ஓடிவிட்டது. 2021ல் அது தாம்பரம் மாநகராட்சிக்குள்ளேயே வந்துவிட்டது. அதாவது 1986ல் 48,000க்கு வந்ததும் இன்று 1.92 கோடிக்கு விற்பதும் ஒரே சர்வே நம்பராக இருக்கலாம், ஆனால் ஒரே பொருள் இல்லை. அன்றைய குரோம்பேட்டைக்கு இணை இன்று மறைமலை நகருக்கும் அப்பால்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட எல்லா ஊரும் குரோம்பேட்டை ஆகிவிடவும் இல்லை. விளம்பரத்தைப் பார்த்து அங்கீகாரம் இல்லாத லேஅவுட்டில் மனை வாங்கியவர்கள், 2016ல் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய மனைகளைப் பத்திரம் பதியத் தடை போட்டபோது பட்ட பாடு எனக்குத் தெரியும். மறு வருஷம் அந்த மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்த பிறகுதான் அவர்கள் மூச்சு விட்டார்கள். அவர்களுடைய மனை எத்தனை மடங்கு ஏறியது என்று யாரும் வாட்ஸ்அப்பில் போடுவதில்லை.

இரண்டாவது காரணம் கடன். பெரிய காரணமும் இதுதான். 14 சதவீத வட்டியில் பத்து வருஷத்துக்குக் கடன் வாங்கினால் ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை 1,553 ரூபாய். 8 சதவீதத்தில் இருபது வருஷம் என்றால் 836. முப்பது வருஷம் என்றால் 734. அதே தவணை கட்டக்கூடிய ஆள், வட்டி குறைந்து தவணைக்காலம் நீண்டதும் ஏறக்குறைய இரண்டு மடங்கு கடன் வாங்க முடியும். எல்லோரும் இரண்டு மடங்கு கடனோடு ஒரே தெருவில் நின்றால் என்ன ஆகும்? மனை விலைதான் ஏறும். இதோடு கணவன் மனைவி இருவரும் சம்பாதிக்கும் வீடுகள் கூடின, ஐ.டி. வேலை வந்தது, டைடல் பார்க் 2000ல் திறந்தது, வெளிநாட்டிலிருந்து பணம் வந்தது, வீட்டுக் கடன் வட்டிக்கு வருமான வரிச் சலுகை வந்து அதன் வரம்பும் ஏறிக்கொண்டே போனது.

இதில் பெரும்பாலானவை ஒரு முறை மட்டும் நடக்கக்கூடியவை. பத்து வருஷத் தவணையை முப்பது ஆக்கிவிட்டார்கள். இனி அறுபது ஆக்க முடியாது. ஒற்றைச் சம்பளம் இரட்டை ஆகிவிட்டது. இனி நான்காகாது. வட்டி 14லிருந்து 8க்கு இறங்கியது. அதே மாதிரி இன்னொரு இறக்கம் வரும் என்று நம்பி யாரும் கடன் வாங்கக் கூடாது.

வேறு விதமாகவும் பார்க்கலாம். 39 வருஷத்தில் 400 மடங்கு என்பது வருஷத்துக்கு சுமார் 16.6 சதவீத வளர்ச்சி. அரிசியின் 16 மடங்கு வருஷத்துக்கு 7.4 சதவீதம். சம்பளத்தின் 37 மடங்கு 9.7 சதவீதம். மடங்கில் மலையும் மடுவுமாகத் தெரிவது சதவீதத்தில் இவ்வளவுதான், மீதியைக் கூட்டு வட்டி செய்கிறது. இனி 20 வருஷம் மனை இதே 16.6 சதவீதத்தில் ஏறும் என்று வைத்துக்கொண்டால் 1.92 கோடி 41 கோடியைத் தாண்டும். உங்கள் 95,000 சம்பளம் 9.7 சதவீதம் ஏறினாலும் அப்போது 6 லட்சம்தான். மாதம் 6 லட்சம் வாங்குகிறவருக்கும் அந்த ஒரு கிரவுண்டு 57 வருஷச் சம்பளம். இன்று கடைநிலை ஊழியர் நிற்கும் இடத்தில் அன்று உங்களைப் போன்றவர்கள் நிற்பார்கள். வாங்க ஆள் இல்லாத விலை எத்தனை நாள் நிற்கும்? ஜப்பானில் 1991க்குப் பிறகு நகர நில விலை பத்து வருஷத்துக்கு மேல் தொடர்ந்து இறங்கியது. இங்கே அப்படி இறங்கும் என்று நான் சொல்லவில்லை. சென்னையிலேயே 2014க்குப் பிறகு சில வருஷங்கள் பல பகுதிகளில் விலை அசையாமல் கிடந்ததை நினைவுபடுத்துகிறேன், அவ்வளவுதான். வருஷாவருஷம் விலைவாசி ஏறிக்கொண்டிருக்கும்போது விலை அசையாமல் கிடப்பதும் இறக்கம்தான்.

அரிசிக்குப் பதில் தங்கத்தோடு ஒப்பிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம், நம் வீடுகளில் அடுத்த கேள்வி அதுதான். 1986ல் 10 கிராம் சுத்தத் தங்கம் 2,100 ரூபாயை ஒட்டி. 2025ல் ஒரு லட்சத்தைத் தாண்டியது. கிட்டத்தட்ட 47 மடங்கு. குரோம்பேட்டை மனை அதையும் ஜெயித்துவிட்டது. ஆனால் தங்கத்தைக் கிராம் கணக்கில் வாங்க முடிந்தது. மனையை அப்படி வாங்க முடியாது.

இனி அந்த 72 லட்சம் ஃபிளாட்டுக்கு வருவோம். அப்பா சொல்லும் 400 மடங்கு நிலத்தின் கதை. நீங்கள் வாங்கப்போவது நிலம் இல்லை, ஃபிளாட். அதில் உங்களுக்கு வரும் பிரிக்கப்படாத நிலப் பங்கு, யு.டி.எஸ்., எவ்வளவு என்று கடிதத்தில் இல்லை. 430 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் சொன்ன 8,000 விலையில் அது 34.4 லட்சம். மீதி 37.6 லட்சம் கட்டடத்துக்கும் பில்டர் லாபத்துக்கும் போகிறது. கட்டடம் வருஷா வருஷம் தேயும். நிலம் இனி 8 சதவீதம் ஏறினால் 20 வருஷத்தில் உங்கள் பங்கு 1.6 கோடி. பழைய கட்டடத்துக்குப் பத்து லட்சம் சேர்த்தாலும் 1.7 கோடி. 72 லட்சம் 1.7 கோடி ஆவது வருஷத்துக்கு 4.4 சதவீதம். வாடகை மிச்சமாவது சுமார் 3.3 சதவீதம். இரண்டையும் கூட்டினால், நீங்கள் கட்டும் வட்டியை ஏறக்குறைய எட்டிப் பிடிக்கிறது. இதை மோசம் என்று சொல்ல மாட்டேன். குடியிருக்க வீடு, இடையில் எடுத்துச் செலவழிக்க முடியாத சேமிப்பு, மகள் ஸ்கூல் மாறாமல் படிக்கலாம், வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லும் பயம் இல்லை. இவற்றுக்காக வாங்கலாம். பணம் 400 மடங்காகும் என்று வாங்கினால் ஏமாற்றம்தான்.

வாங்க முடியுமா என்பது வேறு விஷயம். 72 லட்சத்துக்கு வங்கி அதிகபட்சம் 80 சதவீதம் தரும், அதாவது 57.6 லட்சம். 14.4 லட்சம் நீங்கள் போட வேண்டும். பதிவுச் செலவு 5 லட்சத்தை ஒட்டி வரும், அதையும் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். கதவு, கப்போர்டு, ஃபேன், குடிபோகும் செலவு தனி. உங்கள் 12 லட்சமும் பி.எஃப். 9 லட்சமும் அப்படியே கரைந்துவிடும். 8 சதவீத வட்டியில் 20 வருஷத்துக்குத் தவணை மாதம் 48,000. சம்பளத்தில் பாதி. ஒருவர் சம்பாத்தியத்தில் ஓடும் வீட்டுக்கு இது அதிகம். நான் 40 சதவீதத்துக்கு மேல் ஒப்புக்கொள்வதில்லை. வட்டி இப்படியே இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. 2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி, தான் வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கான ரெப்போ வட்டியை 4லிருந்து 6.5க்கு ஏற்றியது. அதே இரண்டரை சதவீதம் திரும்ப ஏறினால் உங்கள் 48,000 தவணை 57,500 ஆகும். அல்லது, ஏற்றம் சிறிதாக இருந்தால், தவணையை அப்படியே வைத்துவிட்டு வருஷங்களை நீட்டிக்கொண்டே போவார்கள். நீங்கள் ஓய்வு பெறும் வயதைத் தாண்டியும் கடன் ஓடும்.

பி.எஃப். பணத்தைத் தொடாதீர்கள். 2024-25க்கு அது கொடுத்த வட்டி 8.25 சதவீதம், உங்கள் நிலையில் அந்த வட்டிக்கு வரியும் இல்லை. 8 சதவீதக் கடனைக் குறைக்க 8.25 சதவீதம் தரும் பணத்தை எடுப்பதில் லாபம் இல்லை. எல்லாவற்றையும் வீட்டில் போட்டுவிட்ட பிறகு வேலை போனாலோ, வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் என்றாலோ ஃபிளாட்டில் ஒரு அறையை மட்டும் விற்க முடியாது.

என் யோசனை இது. 72 லட்சம் ஃபிளாட்டை விட்டுவிடுங்கள். 48,000 தவணை கட்ட முடியும் என்று நினைத்தீர்கள் இல்லையா, இப்போது வாடகை 20,000. மீதி 28,000ஐ அடுத்த மாதம் முதல் ரெக்கரிங் டெபாசிட்டில் போடுங்கள், சம்பளம் வந்த மறுநாளே. ஆறேழு மாதத்தில் மூச்சு முட்டுகிறதா என்று தெரிந்துவிடும். தாக்குப்பிடித்தால் 18 மாதத்தில் 5 லட்சத்துக்கு மேல் சேரும், கையில் 17 லட்சம் இருக்கும். அதற்குள் 50 லட்சத்தை ஒட்டிய, பத்துப் பதினைந்து வருஷம் ஆன, நல்ல யு.டி.எஸ். உள்ள பழைய ஃபிளாட்டாகத் தேடுங்கள். 52 லட்சம் வீட்டுக்கு 41.6 லட்சம் கடன், தவணை 35,000க்குள். முன்பணமும் பதிவுச் செலவும் போகக் கொஞ்சம் மிஞ்சும், பி.எஃப். அப்படியே இருக்கும். குரோம்பேட்டையில் கிடைக்காவிட்டால் ரயில் பாதையிலேயே கூடுவாஞ்சேரி வரை பாருங்கள். மனைவிக்கு வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் அந்தச் சம்பளம் ஒரு வருஷம் நிலையாக வந்த பிறகு அதைக் கணக்கில் சேர்க்கலாம், அதற்கு முன்னால் வேண்டாம்.

தேடும்போது சதுர அடி விலையைக் கேட்பதற்கு முன்னால் யு.டி.எஸ். எத்தனை சதுர அடி, அது பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். தாய்ப் பத்திரம், முப்பது வருஷ வில்லங்கச் சான்று, பிளான் அப்ரூவல், கட்டியது பிளான்படிதானா என்பதை ஒரு வக்கீலிடம் கொடுத்துப் பாருங்கள், வங்கி பார்த்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். விற்பவர் சொல்லும் விலையை நம்பாமல் அதே தெருவில் கடைசியாக எந்த விலைக்குக் கை மாறியது என்று இரண்டு பேரிடமாவது விசாரியுங்கள். பத்திரத்தில் போட்டிருக்கும் தொகை உண்மை விலையாக இருக்க வேண்டியதில்லை, அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பை ஒட்டி எழுதுவது இங்கே பழைய பழக்கம்.

வீடு ஒன்று பிடித்துப்போனால் யு.டி.எஸ்., கேட்கும் விலை, அந்தத் தெருவில் அதே அளவு வீட்டின் வாடகை, உங்கள் அன்றைய சம்பளம் ஆகிய நான்கையும் எழுதி அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன்.